முதல் நிரையும் எட்டு நிமிடமும்

காம்பார் ஊரில் ஒரு தனியார் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் லேப் அசிஸ்டண்டாக இருந்தேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாக லேபுக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவுமே என்று அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். பெருமையாகச் சொல்ல என்னிடமும் நாலு கதை உண்டு. அவற்றை வேறு யாராவது கேட்டால் சொல்கிறேன். நான் பொய் சொன்ன நாளைத்தான் முதலில் எழுத வேண்டும்.

1. டாக்டர் கேட்ட கேள்வி

மீட்டிங் மேசையில் மூன்று பேர். எங்கள் தலைவர் டாக்டர் சிவஞானம், யாழ்ப்பாணத்து வம்சம், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆளைப் பார்ப்பார். எதிரே யோகேஸ்வரி, லிங்ஸி காளானில் பிஎச்டி செய்துகொண்டிருந்த பெண், நாங்கள் யோகா என்போம். ஓரத்தில் சாம்பிள் புத்தகத்தோடு நான்.

மேசை மேல் காளானின் புரதத்தைக் காட்டும் இரண்டு ஃபிலிம் கிடந்தன. சுங்காய் கொட்டகையில் ஏ நிரையில், அதாவது ஏ வரிசையில், வளர்ந்த காளானின் ஃபிலிமில் கறுப்பாக ஒரு பட்டை. எங்கள் லேபிலேயே வளர்த்த காளானின் ஃபிலிமில் அந்த இடம் வெறுமை. காளானும் அதே, அதற்குப் போட்ட தவிடும் அதே, செய்தவளும் அதே ஆள்.

"ரெண்டு தரம் ரிப்பீட் பண்ணியும் இல்லை. அப்ப முதல்ல வந்தது எப்பிடி வந்தது?" என்றார் டாக்டர். "உம்மட கையில ஏதோ பிழை பிள்ளை. இல்லாட்டி ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கிறீர்."

"மூணு அறுவடையிலயும் வந்துச்சு டாக்டர். ஏ நிரையில ஏதோ ஸ்ட்ரெஸ் நடந்த மாதிரி இருக்கு. என்னான்னுதான் தெரியல." என்றாள் யோகா.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சரஸ், சாம்பிள் எடுத்ததில ஏ, பி ரெண்டுக்கும் வித்தியாசம் ஏதும் உண்டோ?"

அந்த நிமிடம்தான் பட்டை எப்படி வந்தது என்று எனக்கு விளங்கியது. சாம்பிள் புத்தகத்தை மூடிக்கொண்டேன். "இல்ல டாக்டர். புக்குல எழுதினபடிதான்" என்றேன்.

2. சுங்காய் கொட்டகை

நான் என்ன மறைத்தேன் என்பதற்கு முன்னால் யோகாவின் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

லிங்ஸி கசப்பான காளான். அந்தக் கசப்பில்தான் மருந்து இருக்கிறது என்று வாங்குகிறார்கள். கசப்பு அமிலத்தைக் காளானுக்குள் செய்வது சில புரதங்கள். அந்தப் புரதங்களின் மேல் செல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும், வேண்டாதபோது கழற்றும். பாஸ்போரிலேஷன் என்பது இதுதான். லைட் சுவிட்சைப் போடுவது அணைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போட்டிருந்தால்தான் ஃபிலிமில் கறுப்புப் பட்டை விழும். காளான் பைகளில் நிரப்பும் ரப்பர் மரத்தூளில் தவிடு அதிகம் சேர்த்தால் சுவிட்ச் விழுமா, கசப்பு கூடுமா? இதுதான் யோகாவின் கேள்வி. ஏ நிரைப் பைகளில் தவிடு அதிகம். பி நிரையில் வழக்கமான அளவு.

கொட்டகை சுங்காயில், பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில். இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. நான் பிறந்ததும் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் காளியப்பன் அண்ணன். பை அடுக்கிய வரிசையை, மர வரிசையைச் சொல்வது போலவே, அவர் நிரை என்றார். எங்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அறுவடைக்கு யோகா வரமாட்டாள். நான்தான் லிக்விட் நைட்ரஜன் டாங்கியோடு வேனில் போவேன். டாக்டரின் உத்தரவு ஒன்றே ஒன்று: வெட்டிய கையோடு டாங்கிக்குள் போட்டு உறைய வைக்க வேண்டும். வெட்டின நேரம் ஒரு கட்டம், உறைய வைத்த நேரம் ஒரு கட்டம், புத்தகத்தில் இரண்டையும் எழுத வேண்டும்.

முதல் அறுவடையன்று ஏ நிரையில் மூன்று காளானை வெட்டித் தட்டில் வைத்ததும் காளியப்பன் அண்ணன் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மொத வெட்டு சாமிக்குத்தான் போவணும் தங்கச்சி. ஒனக்குத் தெரியாததா? முனியாண்டி பாத்துக்கிட்டு இருக்காருலா."

எனக்குத் தெரியாததா! அப்பா புது நிரையில் ரப்பர் பால் வெட்டத் தொடங்கும் நாளில் சூடம் கொளுத்தாமல் கத்தியைத் தொட்டதில்லை. கொட்டகைக்குப் பின்னால் முனியாண்டி கோயில். காளானை வைத்தோம், சூடம் காட்டினோம், திருநீறு பூசிக்கொண்டு அதே காளானோடு திரும்பினோம். எட்டு நிமிடம் ஆகியிருக்கும். பிறகுதான் டாங்கி. பி நிரையை வெட்டினேன், உடனே போட்டேன்.

ஃபிரிட்ஜில் கீரை மூன்று நாள் கிடக்கிறதே, எட்டு நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஏ நிரைக்கு இரண்டு கட்டத்திலும் ஒரே நேரத்தை எழுதினேன். ஏ நிரைதான் வாசலோரம். அதனால் மூன்று அறுவடையிலும் முதல் வெட்டு அதுவே, சாமிக்குப் போனதும் அதுவே.

வெட்டிய காளான் செத்துப்போவதில்லை. காயம் பட்டதை அறிந்து உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கிறது, சுவிட்சுகளைப் போடுகிறது, அணைக்கிறது. யோகா பார்த்த கறுப்புப் பட்டை தவிட்டால் வந்ததில்லை, காத்திருந்ததால் வந்தது. லேபில் வளர்த்த காளானுக்கு முனியாண்டியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. பட்டையும் வரவில்லை.

3. ஏன் சொல்லவில்லை

பயம் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு இரக்கம் வரும். பயம் கால்வாசிதான். மீதி ரோஷம்.

அதற்கு முந்தைய வருடம் சரஸ்வதி பூஜைக்கு இன்குபேட்டரில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். டாக்டர் எல்லோர் முன்னாலும் டிஷ்யூவை என் கையில் கொடுத்தார். "துடையும். இது லேப். உங்கட எஸ்டேட் கோயில் இல்லை." துடைத்தேன். லேபில் பொட்டு வைக்கக் கூடாது என்பது நியாயம்தான். அந்த 'உங்கட'தான் வருடக்கணக்கில் குத்தியது.

அந்த மனுஷன் முன்னால் போய், ஆமாம் டாக்டர், உங்கள் சாம்பிளைத் தோட்டத்துக் கோயிலில் வைத்துச் சூடம் காட்டினேன் என்று சொல்வதா? செத்தாலும் மாட்டேன் என்று இருந்துவிட்டேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பெண்ணின் நல்ல பெயரைப் பலி கொடுத்தேன். இதைவிட மென்மையாக எழுத எனக்கு வரவில்லை.

அடுத்த நாள் யோகா சாம்பிள் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். "உங்க புக்கு பெர்ஃபெக்ட்டா இருக்குக்கா. தப்பு என்கிட்டதான்." நான் பிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

மூன்று மாதத்தில் அவள் பிஎச்டி மாஸ்டர்ஸாகச் சுருங்கியது. ரிசல்ட்டைத் திரித்தவள் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு லேபுக்கு அவள் விண்ணப்பித்தபோது டாக்டர் சிபாரிசுக் கடிதம் தரவில்லை.

4. குனோங் ராபாட் சாப்பாட்டுக் கடை

ஓய்வு பெற்ற மறு மாதம் யோகாவுக்குப் போன் பண்ணினேன். கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் கியூசி வேலையில் இருக்கிறாள். என் வீடு குனோங் ராபாட்டில். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு ஷிப்ட் முடிந்து வந்தாள். தே தாரிக் டீ வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று தெரியும்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"எத்தன நிமிஷம்?"

"எட்டு இருக்கும்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"ஏ நிரை மட்டும்?"

"ஏ மட்டும்தான்மா."

கண்ணை மூடிக்கொண்டாள். "அப்போ என் கை சரிதான்" என்றாள், எனக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு அழுதாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாலு வருஷமா என் கைய நானே நம்பலக்கா. அதான் லேப் வேலையே வேணாம்னு போயிட்டேன். நீங்க அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் கோவிச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டேன். எட்டு நிமிஷத்துல ஒரு புரதம் அவ்வளவு மாறுதுன்னா, அது தெரியாம எத்தன பேரு வெட்டி வச்சு அப்புறமா ஃப்ரீஸ் பண்றாங்களோ. அதுவே ஒரு சாப்டர்லா. முனியாண்டி எனக்கு தீசிஸே எழுதிக் கொடுத்திருந்தாரு."

நான் மன்னிப்புக் கேட்டேன்.  அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மேசையில் இருந்த டிஷ்யூவில் இரண்டு கட்டம் போட்டாள். வெட்டின நேரம், உறைய வைத்த நேரம். என் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப எழுதுங்கக்கா."

ஒன்பது பத்து என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் ஒன்பது பதினெட்டு. அவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள். டாக்டருக்கும் எல்லாவற்றையும் கடிதமாக எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

லேபுக்கு வரும் பிள்ளைகளே, கோயிலுக்குப் போனதில் தப்பில்லை. போனதை எழுதாமல் விட்டதுதான் தப்பு. சாமிக்கு வைத்தீர்களா, போன் பேசினீர்களா, வயிற்றுக் கோளாறா, எதுவானாலும் அந்த நேரத்தைக் கட்டத்தில் எழுதுங்கள். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடு எழுதுங்கள். ஏ நிரைக்கு நான் சரியாக எழுதிய ஒரே வரி இன்று ஒரு டிஷ்யூத் தாளில் இருக்கிறது, அதை வைத்து யோகா இனி எந்தப் பட்டத்தையும் வாங்க முடியாது.