ஒரு வரியில் அடங்கிய அக்கா

“…பேப்பரே இல்லன்னா நான் எதுக்குத் தம்பி பேசணும்?” என்றார் லோத்குண்டாவில் டிபன் கடை வைத்திருக்கும் அக்கா, தோசையைத் திருப்பியபடி.

பழக்கதோஷத்தில் பத்திரிகையின் பெயரைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்திருந்தேன். பிறகு திருத்திக்கொண்டு, வேலையை விட்டு ஒரு வாரமாகிறது, சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்குகிறேன், அதில் முதல் பதிவு உங்கள் பேச்சுதான் என்றும் சொல்லியிருந்தேன்.

“போன தடவை ரோடு அகலப்படுத்துறப்ப ஒரு மணி நேரம் பேசினேன். என்ன போட்டீங்க? ‘வியாபாரிகள் கவலை தெரிவித்தனர்.’ நான் கவலைன்னா சொன்னேன்? ரோடு எவ்வளவு வேணா பெருசாகட்டும், என் தோசைக்கல்லை எந்தப் பக்கம் வைக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்கன்னுதானே சொன்னேன்.”

அந்த வாக்கியம் என் நோட்டில் அப்படியே இருந்தது. இடமில்லை என்று அலுவலகத்தில் வெட்டினார்கள்; அன்று நானும் வாய் திறக்கவில்லை. இப்படி வெட்டுப்பட்ட பேச்செல்லாம் சேர்ந்துதான் என்னை வேலையை விட வைத்தது. நோட்டைப் பிரித்து அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“ஹவ், ஆமா, இதேதான். சரி, இதை யாரு படிப்பாங்க?”

“தெரியாதுக்கா. யாரும் படிக்கலன்னாலும் நீங்க சொன்னது சொன்னபடி இருக்கும். வாராவாரம் எழுதத்தான் போறேன்.”

“அந்தக் ‘கவலை’ மட்டும் நக்கோ, வேணவே வேணாம்,” என்றவர் அடுப்பைத் தணித்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.