வீதியில் மண்டியிட்டு வேலை செய்தவர்

விளக்குச் சுழல வீதியில் நிற்கும் ஆம்புலன்ஸைக் கண்டும் வேகத்தைக் குறைக்காத ஒருவர், தண்டப்பணத்துக்குப் பயந்து குறைப்பாரா? எனக்குத் தெரியாது. இதைப் பற்றிச் சத்தியசீலன் அவர்களோடு இரண்டு வருடம் வாதாடியிருக்கிறேன். குறைப்பார் என்பது அவர் கட்சி; சந்தேகம் என்னுடையது. செவ்வாய்க்கிழமை, நீதிமன்ற இடைவேளையில், அவரோடு வேலை செய்யும் ஆம்புலன்ஸ் சாரதி தொலைபேசியில் அழைத்தார்.

“மிஸ், சீலன் அண்ணன் போயிட்டாருங்க. இறம்பொடை வளைவுல வேன் அடிச்சிருச்சு.”

மீதி வழக்குகளை மொழிபெயர்த்து முடித்த பிறகுதான் எழுந்தேன். என் வேலை அது.

அவர் ஆம்புலன்ஸில் முதலுதவியாளர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தபோதுதான் அறிமுகம். விபத்தில் சிக்கியவரைத் தூக்கிக்கொண்டிருந்த அதே ஆம்புலன்ஸ் சாரதியின் காலில் ஒரு லொறி ஏறியிருந்தது. லொறிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டம் கட்டி, சாப்பாட்டு நேரத்துக்கு முன் போய்விட்டார். சத்தியசீலன் அவர்கள் வெளியே எனக்காகக் காத்திருந்தார்.

“ரோட்டுல ஆள் தூக்குறவங்கள அடிச்சா தனியா ஒரு தண்டனை இல்லீங்களா, மிஸ்?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க.”

“எழுதிக் கேப்போமா?”

“எழுதினா வந்துருமா?”

“எழுதாம வந்திருக்கா?”

போக்குவரத்து அமைச்சுக்கு ஒரு மனுவைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். மீறினால் சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோக வேண்டும். கையெழுத்து வாங்க அவர் நேராக ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் போனார்.

“நமக்குத் தண்டம் போட நம்மகிட்டயே கையெழுத்தாய்யா?” என்றாராம் ஒரு பஸ் சாரதி.

“நாளைக்கு நீங்க உருண்டு கெடந்தாலும் நான்தானே வரணும், அண்ணே.”

அந்தப் பஸ் சாரதி சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டாராம். அதே சாரதி அடுத்த மாதம் ஒரு விபத்து இடத்தில் விடாமல் ஹோர்ன் அடித்ததையும் சத்தியசீலன் அவர்கள்தான் சொன்னார். “ஹோர்ன் அடிச்சா அடிபட்டவன் எந்திரிச்சு ஓடிருவானா, மிஸ்?” அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. களைப்பைப் பார்த்திருக்கிறேன்.

மனு கிடைத்தது என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பனிமூட்டம். மோட்டார் சைக்கிளில் விழுந்த ஓர் இளைஞனின் காலுக்குச் சத்தியசீலன் அவர்கள் மண்டியிட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றிருந்த வாகனங்களை முந்திக்கொண்டு வேன் வந்தது. இளைஞன் பிழைத்துவிட்டான்.

வியாழக்கிழமை அவரை அடக்கம் செய்தோம். தோட்டத்து மயானத்துக்கு ஏறும் பாதை குறுகலானது. ஊர்வலத்தின் பின்னால் ஆம்புலன்ஸ் விளக்கில்லாமல், நடை வேகத்தில் வந்தது. போய் வாருங்கள், சத்தியசீலன். நமது வாதத்தில் நான் வென்றதாக ஒருநாளும் நினைக்கவில்லை.

மறுநாள் வேன் சாரதியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். வேறு மொழிபெயர்ப்பாளர் இல்லை. “லைட்டப் பாத்தேங்க. நேரமாயிருச்சுன்னு முந்தி எடுத்துட்டேன்,” என்றார். அப்படியே சொன்னேன். பிறகு அவர் என் பக்கம் குனிந்து கேட்டார்.

“மிஸ், தண்டம் கட்டிட்டுப் போயிறலாமுங்களா?”

கூண்டில் நிற்பவர் சொல்வது எதையும் நான் விடக்கூடாது. அதையும் நீதவானிடம் சிங்களத்தில் சொன்னேன்.