மெட்டு யாருக்கு

சுவிற்சர்லாந்தில் இன்டர்லாக்கன் ஊரில் அண்ணை வேலை செய்த உணவகத்தின் முதலாளிக்கு அமெரிக்கக் கன்ட்ரி பாட்டென்றால் உயிர். அகலத் தொப்பி, பூட்ஸ், கிற்றார் எல்லாம் வைத்திருந்தார், குதிரைதான் இல்லை. அண்ணையும் இரண்டு கூட்டாளிகளும் பாத்திரம் கழுவியபடி பஜனை பாடுவதைக் கேட்டவர், ஒரு சனிக்கிழமை விருந்தினர் முன்னால் தன்னோடு பாடச் சொன்னார். சரிவந்தால் கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் மேடை, பாத்திரத் தொட்டியிலிருந்து விடுதலை. அண்ணைக்கு வேறு நினைவே இல்லாமல் போயிற்று.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதுவும் மிஷன் பள்ளிக்கூடம், பாட்டுக் குழுவிலும் இருந்தவள். ஆகவே பழக்கும் பொறுப்பை ஒருவரும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். ஒரே பாட்டை மூவரும் மூன்று சுரத்தில் சேர்ந்து பாடவேண்டும்: மெட்டு அண்ணைக்கு, மேற்குரல் கூட்டாளிகளில் மெலிந்தவருக்கு, கீழ்க்குரல் தடித்தவருக்கு. தனித்தனியே மூவரும் அருமை. மெலிந்தவர் மூக்கால் பாடினாலும் இனிமை. தடித்தவர் குளிர்ப்பெட்டி உறுமுவது போல.

சேர்ந்தால்தான் வில்லங்கம். இரண்டாம் வரிக்குள் மூவரும் ஒரே சுரத்தில் நிற்பார்கள். பஜனையில் ஒருவர் விலகினால் மற்றவர்கள் போய்ச் சேர்ந்துகொள்வார்கள், அந்தப் பழக்கம்.

"நீங்கள் ஏன் மேல போனனீங்கள்?" என்று தடித்தவரைக் கேட்டேன்.

"அவன் தனிய நிக்கிறான், பாவம்."

"அவர் தனிய நிக்கத்தான் வேணும்."

"இவள் படிச்ச பள்ளிக்கூடத்தில இரக்கத்துக்குப் பாடம் இல்லைப் போல" என்றார் அண்ணை.

சனிக்கிழமை முதற்பாட்டு அழகாகவே போனது. மூன்று குரல்களும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றையொன்று இடிக்காமல் நடந்தன. மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. கடைசிப் பாட்டில் தடித்தவர் சொல் மறந்து தடுமாறினார். உடனே மற்ற இருவரும் அவருக்குத் துணையாகக் கீழே இறங்கிவிட்டார்கள். மூவரும் சேர்ந்து உறும, மெட்டு ஆளில்லாமல் கிடந்தது. முதலாளி கிற்றாரை அடித்தபடி சமையலறைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்.

அவர்களுக்குப் பதிலாக அன்று தொட்டியடியில் பாத்திரம் கழுவி நின்றவள் நான். ஈரக் கையோடு சமையலறை வாசலுக்கு வந்து மெட்டை எடுத்தேன். ஆச்சரியம், மூவரும் என்னிடம் ஓடி வரவில்லை. வெட்கத்தில் மெலிந்தவர் மேலே தன் இடத்துக்குப் போனார், மற்ற இருவரும் கீழேயே நின்றுவிட்டார்கள். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டு சரியாகக் கேட்டது.

கோடை முழுவதும் பாடலாம், ஆனால் நால்வரும் என்றார் முதலாளி.

"மெட்டு உனக்கெண்டால், அப்ப நான் எதைப் பாடுறது?" என்றார் அண்ணை.

"எனக்குக் கொஞ்சம் கீழ. பழக்கிவிடுறன்."

"மேடையில நடுவில நிக்கிறது நான்தான்."

"ஓம், வடிவா நில்லுங்கோ."

அந்தக் கோடை முழுவதும் அண்ணை நடுவில்தான் நின்றார்.