வலமாகப் போட்ட அம்பு

எம்.எஸ்சி. கணக்கு நேர்முகத் தேர்வுக்கு மெட்ராஸிலிருந்து அழைப்பு வந்ததும், என்னைத் தயார் செய்யும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். தனக்குக் கணக்கு தெரியாது என்பதை அவர் ஒரு தடையாகவே நினைக்கவில்லை. கோபுர வாசலுக்கு அருகே தேங்காய், கற்பூரம் விற்கும் கடை எங்களுடையது. அங்கே வந்து நின்றவர்கள் எல்லோரும் தேர்வாளர்கள் ஆனார்கள்.

"பையன் மேல்படிப்புக்குப் போறான். சும்மா ஏதாவது கேளுங்க சார், கூச்சம் தெளியட்டும்."

கேட்டார்கள். செங்கம் பக்கத்து விவசாயி ஒருவர், "இந்த மலை என்னா எடை இருக்கும், சொல்லு தம்பி" என்றார். பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஓர் அம்மாள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். நான் பாதியில் தடுமாறினேன்.

"பி.எஸ்சி. முடிச்சவன் விரல் மடக்கறான் பாருங்க!" என்று எதிர்க்கடைப் பூக்காரர் தெருவுக்கே அறிவித்தார்.

"காலையில கம்மியா சாப்பிட்டான், அதான்" என்று அப்பா சமாளித்தார்.

நான் படிப்பது வேறு மாதிரிக் கணக்கு, அதில் எண்களே ஜாஸ்தி வராது என்று அவருக்கு விளக்கினேன்.

"எண்ணே இல்லாத கணக்கா? அதுக்கு எதுக்குடா மெட்ராஸ் வரைக்கும் போகணும்?"

என் சொந்தத் தயாரிப்பு அதைவிட மோசம். கடையின் பின்னறையில் உட்கார்ந்து நிரூபணங்களைக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி உட்பட உருப்போட்டேன். ஏன், எதற்கு என்று எந்தத் தேற்றத்தையும் கேட்டு நான் சங்கடப்படுத்தியதில்லை. சீட் கிடைக்காவிட்டால் காலமெல்லாம் இந்தக் கல்லாதான் என்ற பயம் ஒன்றுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது.

மெட்ராஸில் மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றி ஒரு தொகையீடு, அதாவது இன்டக்ரல், கண்டுபிடிக்கச் சொன்னார்கள். உருப்போட்டதில் அதுவும் இருந்தது. வட்டம் போட்டேன், போகிற திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டேன், விடையை எழுதினேன்.

"விடை சரி. அம்பு ஏன் கடிகார முள் சுத்துற பக்கம் போகுது?"

நான் போட்ட அம்பைத் திரும்பிப் பார்த்தேன்.

"கணக்குல அதுக்கு எதிர்ப்பக்கம்தான் நேர்த்திசை. நீங்க போட்ட அம்புக்கு விடை மைனஸ்ல வரணும். ஏன்னு யோசிச்சு சொல்லுங்க, அவசரம் இல்ல."

நல்ல மனிதர். எனக்காகக் கதவையே திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் அங்கே ஓர் அம்பு இருந்ததும் எனக்கு நினைவிருந்தது. அது எந்தப் பக்கம் பார்த்தது என்று மட்டும் நான் பார்த்ததில்லை. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது கணக்கு அல்ல.

"சார், எனக்குத் திருவண்ணாமலை. எங்க ஊர்ல யாரும் இடமா சுத்த மாட்டாங்க."

மூவரும் சிரித்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மலைக்கு அது ரொம்ப சரி தம்பி" என்றார் கேள்வி கேட்டவர். என்னை அவர்கள் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

கூட வந்து வராந்தாவில் காத்திருந்த அப்பா எழுந்து வந்தார். "சிரிப்பு சத்தம் கேட்டுச்சே! ஜோரா சொல்லிட்டியா?"

பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். செஞ்சி தாண்டும்போது அவர், "அவங்கல்லாம் எந்த ஊருடா?" என்று கேட்டார்.

சீட் இல்லை என்று தகவல் வந்தது. மறுநாள் காலையே கடைக்கு வந்த ஒருவர் விசாரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கற்பூரம் மடித்தேன்.

"நாங்கதான் வேணாம்னுட்டோம்" என்றார் அப்பா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "அங்க இடமா சுத்தச் சொல்றாங்க. இவன் முடியாதுன்னுட்டான்."

"அப்படியா அநியாயம்!" வந்தவர் என் பக்கம் திரும்பினார். "நல்லா பண்ணே தம்பி. அந்த மாதிரி எடத்துல போய் படிப்பாங்களா?"

மாலைக்குள் தெரு முழுக்க இது பரவியது. பூக்காரர்கூட என்னை மரியாதையாகப் பார்த்தார். பல்கலைக்கழகத்தின் பக்கம் பேச எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. உண்மை தெரிந்தவன் நான் ஒருவன் இருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் "ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.