ரெண்டு கழிச்சுக்கோ

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர் செல்போனைப் பார்த்தால் மட்டும்தான் சிரிப்பார். மனைவியிடமும் என்னிடமும் பேசும்போது புளித்த மோரைக் குடித்த மாதிரி ஒரு முகம். போனை ஸ்டாண்டில் மாட்டியதும் பல் முழுவதும் வெளியே வந்துவிடும். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வீட்டிலேயே ‘விளையாட்டாகப்’ பாடம் நடத்தி, அதை வீடியோவாக எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார். அதில் அந்தக் குழந்தைக்கு விளையாட்டு எங்கே இருந்தது என்று எனக்கு விளங்கியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் மோட்டார் விஷயமாக மேலே போனேன். மகளின் முன்னால் தட்டில் பத்து நேந்திரங்காய் வறுவல் இருந்தது.

“பத்துலேருந்து ரெண்டு கழிச்சுக்கோ கண்ணு” என்றார், போனைப் பார்த்து.

அவளுக்குப் பள்ளிக்கூடம், தோழிகள் எல்லாமே மலையாளம். மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது. இரண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

“கழிச்சாச்சுப்பா. இனி எட்டு உண்டு.”

கணக்கு சரி. ஆனால் அவர் சிரிப்பை அணைத்துவிட்டார்.

“திங்கவா சொன்னேன்? வீடியோ போச்சு.”

வறுவலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அதே தட்டில் சட்டைப் பொத்தான்களைப் பரப்பினார். மறுபடியும் பல் தெரிந்தது.

“பத்துலேருந்து ரெண்டு கழிச்சுக்கோ கண்ணு.”

அவள் பொத்தான்களைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அவர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.