என் கை நடுக்கத்துக்கு ஊர் சொன்ன காரணங்கள்

முன்பின் தெரியாத ஆள்கூட கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டுகிற தொழில் எங்களுடையது. மலைநாட்டில், லிந்துலைக் கடைத்தெருவில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் எனக்கு. ஒன்றில் நான், மற்றதில் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடும் செல்வராசு. மனைவி இறந்த அடுத்த வருடம் என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, காரணமும் தெரியவில்லை. கொழும்புப் பக்கம் வத்தளையில் இருக்கும் மகளுக்கு விஷயம் எட்டியதும், "கடைய மூடிட்டு இங்க வந்துருங்கப்பா" என்று போனில் தினமும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மூடிவிட்டு என்ன செய்வது? எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். பேச்சுத் துணைக்கும் இந்தக் கடைதான். உங்கள் கையிலும் தேத்தண்ணிக் கோப்பை சாசரோடு தாளம் போடுகிறதென்றால், நீங்களும் இதையெல்லாம் கேட்டிருப்பீர்கள்.

குளிர்

முதலில் கண்டுபிடித்தவர் காளிமுத்து அண்ணன். தேயிலை பெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாரம் தவறாமல் சவரத்துக்கு வருவார். அன்று நான் சோப்பு நுரையைத் தாடையில் தடவப் போய் மூக்கில் தடவிவிட்டேன். கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். பிறகு கத்தியைப் பார்த்தார்.

"பனி இறங்குதுல்ல அண்ணே, குளிரு" என்றேன். கையை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் காட்டிச் சூடுபடுத்தியும் காண்பித்தேன்.

"எனக்குந்தான் குளிருது தம்பி. ஆனா இந்த நேரத்துல நடுங்கிறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல."

சாராயம்

பெண்சாதி இல்லாதவன் கை நடுங்கினால் ஊர் அதற்கு ஒரே காரணம்தான் வைத்திருக்கும். நான் குடித்ததே இல்லை. அதைச் சொல்லச் சொல்ல எல்லோரும் ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டார்கள். குடிகாரர்கள் மட்டும் என்னிடம் திடீரென்று பாசமானார்கள். அவர்களில் மூத்தவர் லொறியில் மூட்டை ஏற்றும் பிச்சை. ஒருநாள் காலையில் என் பக்கத்தில் வந்து, "வெட்கப்படாதீங்க. விடிஞ்சதும் சின்னதா ஒண்ணு போட்டா கை தானா நின்னுரும்" என்று வைத்தியம் சொன்னார்.

செத்துப்போன மனைவி மேல் சத்தியம் செய்து, ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்றேன். அவர் என் கையை எடுத்து, புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் வாடிப் போய்விட்டது.

"ஒரு சொட்டுகூடக் குடிக்காமலே இவ்வளவு நடுங்குதா? அப்ப நாங்க இத்தனை வருசம் கஷ்டப்பட்டது எதுக்கு?"

பயம்

ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த சிங்களப் பொலிஸ்காரர் ஒருவர் சாதாரண உடுப்பில் வந்தார். மரியாதையான மனிதர், கொஞ்சம் தமிழும் பேசுவார். மீசையை ஒழுங்கு பண்ணச் சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தரிக்கோல் மூக்குக்குக் கீழே கிடுகிடுவென்று ஆடியது. கண்ணாடியில் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில், செய்யாத குற்றங்கள்கூட எனக்கு ஞாபகம் வந்தன. கை இன்னும் கூடுதலாக ஆடியது. மெதுவாக என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்பட வேணாம் ஐயா. நான் இன்னிக்கி லீவு."

தேத்தண்ணி

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் போனில் தேடிப் படித்துவிட்டு வந்தார். சாயம் கூடின தேத்தண்ணியை அளவில்லாமல் குடித்தால் கை நடுங்குமாம். எங்கள் கடையில், சவரத்துக்கு வருகிறவர் தனக்கு ஒரு பிளேன்டீ சொன்னால் எனக்கும் ஒன்று சொல்லுவார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார். ஆகவே வாத்தியார் சொன்னது பொருத்தமாகத்தான் இருந்தது. சில நாள் தேத்தண்ணியை நிறுத்தினேன். தலைவலி வந்தது, நடுக்கம் போகவில்லை. ஆனால் வாத்தியார் அதைச் சொன்ன அன்றே செல்வராசு எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து அவரிடம் சொன்னான்:

"மெதுவாப் பேசுங்க சார். இது வெளிய தெரிஞ்சா நம்ம தேயிலத் தோட்டத்தையெல்லாம் மூடிருவாங்க."

அவள்

நான் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீட்டு லயத்தில், பக்கத்து வீட்டு நாகம்மாவுக்கு வேறு கணக்கு. "அக்காதான் ஒங்க கையப் புடிச்சிக்கிட்டு நிக்குது. விட மனசில்ல அதுக்கு" என்றார். உயிரோடு இருந்தபோது கடைத்தெருவில் என்னோடு சேர்ந்து நடக்கவே கூச்சப்பட்டவள் என் மனைவி. இப்போது பட்டப்பகலில், சலூனில், அத்தனை ஆண்களுக்கு முன்னால் கையைப் பிடிப்பாளா? ஆனாலும் அன்று பகல் முழுக்க அந்தக் கையை நான் கொஞ்சம் மரியாதையாகவே வைத்துக்கொண்டேன். செல்வராசுதான் கெடுத்தான்.

"சித்தி புடிக்கிறது இருக்கட்டும் சித்தப்பா. காலைல வயித்துக்கு என்ன போட்டீங்க, அதச் சொல்லுங்க."

கல்கண்டு

அந்த வாரமே காளிமுத்து அண்ணன் வெற்றிலை பாக்கோடு வந்தார். திருவிழாவில் பேரனுக்கு முதல் மொட்டை. அவர் மகனுக்கு முதல் மொட்டை போட்டவன் நான். பேரனுக்கும் நானே போட வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். வெற்றிலையை வாங்கும்போதே தட்டு ஆடியது. அவர் பார்க்காத மாதிரி இருந்தார். பச்சைப்பிள்ளையின் தலை அது. முடியாது என்று சொன்னால் அன்றோடு கடையையும் மூடிவிடலாம். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டொக்டரம்மா. கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், எழுதச் சொன்னார். வீட்டில் வேறு யாருக்கும் நடுக்கம் உண்டா என்று கேட்டார். சீனி, தைரொய்ட் எல்லாம் பார்க்க இரத்தம் எடுக்கச் சொன்னார். "ஏதும் குளிசை போடுறனீங்களோ?" என்று மாத்திரையைப் பற்றிக் கேட்டார். "ஒண்ணுமே இல்லங்க" என்றேன். மேடு ஏறி வந்ததில் எனக்கு மூச்சு இழுத்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவர் முன்னாலேயே விழுங்கினேன்.

"இது என்ன?"

"இது மாத்திரை இல்லங்க. இழுப்புக்குப் போடுறது."

நீங்கள் சிரிக்கலாம். எங்கள் பக்கம் மழை மாதத்தில் மூச்சு இழுப்பு இல்லாத வீடு குறைவு. அந்த மாத்திரை சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. மனைவி இருந்தவரை இழுக்கும்போது ஒன்று எடுத்துத் தருவாள், மிச்சத்தை ஒளித்து வைப்பாள். அவள் போன பிறகு நான் நினைத்தபோதெல்லாம் போட்டுக்கொண்டிருந்தேன். சிலருக்கு அது கையை ஆட்டும் என்றார் டொக்டர். அதற்குப் பதிலாக வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் ஒரு பம்ப் கொடுத்தார். அப்படியும் நிற்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும், கட்டாயம் திரும்பி வாருங்கள் என்றார். நான் கதவுக்குப் போனதும் கூப்பிட்டார்.

"ஐயா, அப்ப இவ்வளவு நாளும் அதை என்னெண்டு நினைச்சு விழுங்கினீங்கள், கல்கண்டெண்டோ?"

ஒத்திகை

இரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. நாள் போகப் போக நடுக்கம் அடங்கியது. கோப்பை தாளத்தை நிறுத்தியது. ஆனால் கத்தி? யாருடைய கழுத்தில் பார்ப்பது? செல்வராசு தானே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தான். சுத்தமாக மழித்தேன், ஒரு கீறல் இல்லை. துண்டை எடுத்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"எதுக்கும் இருக்கட்டும்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன் சித்தப்பா."

மொட்டை

கோயிலில், காளிமுத்து அண்ணனின் மருமகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் சாமியை விட்டுவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தெளித்து, நெற்றி ஓரத்தில் கத்தியை வைத்தேன். முதல் முடி விழுந்தது. கை ஆடாமல் நின்றது. ஆனால் பிள்ளையின் தலை மட்டும் லேசாக ஆடியது. ஏன் என்று குனிந்து பார்த்தால், பிள்ளையைப் பிடித்திருந்த தாயின் இரண்டு முழங்காலும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. கத்தியை எடுத்துவிட்டு, "என்னம்மா?" என்றேன்.

"ஒங்க கை நல்லா இருக்கு மாமா. என்னைய யாராச்சும் புடிங்க."

கை நடுங்குகிறவர்களே, காரணம் சொல்ல ஊரே திரண்டு வரும், ஆனால் நம் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று கேட்க ஒரு டொக்டர்தான் வேண்டியிருக்கிறது.