வாயத் தொறங்கண்ணே

அல்லிநகரத்தில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்த அந்த டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். காதோடு கத்தரித்த முடி, ஆடாத கை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டு விமானம் ஓட்டப் படிக்கப் போகிறார் என்று தெரிந்ததும், பல் காட்ட வந்தவர்களெல்லாம் புத்தி சொல்லப் பார்த்தார்கள். ஆரம்பித்ததுமே, “வாய நல்லாத் தொறங்க” என்பார். திறந்த வாயோடு என்ன பேச முடியும்?

அன்று கடைவாய்ப் பல் அடைக்கப் போன நானும் ஆரம்பித்தேன். “ஏம்மா, கைராசியான டாக்டர்னு ஊரே சொல்லுது. இத விட்டுட்டு...”

“வாயத் தொறங்கண்ணே.”

அடைத்து முடித்தவர், என்ன தோன்றியதோ, மொத்தத்தையும் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி அடைத்தார்.

“நல்லாத்தானம்மா இருந்துச்சு?”

“உள்ள துளி காத்து நின்னாலும், மேல பறக்கையில வலி உயிரு போயிரும்ணே.”

“நான் எங்கம்மா பறக்கப் போறேன்? கம்பம் பஸ்ஸே எனக்குப் போதும்.”

“என் பிளேன்ல ஏறுவீகல்ல?” என்றார், கையுறையைக் கழற்றியபடி. முகத்தில் சிரிப்பே இல்லை.

பயிற்சியில் அவர் அப்போது சேர்ந்திருக்கவே இல்லை. புத்தி சொல்லப் போன நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இன்னும் நான் பறக்கவில்லை. பல் மட்டும் தயாராக இருக்கிறது.